சிறுகோள் சுரங்கப் பங்கு: பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

மேற்கு மாம்பலத்தில் ஆடிட்டராகத் தொழில் செய்யும் என்னிடம் ஜூலை மாதத்தில் வருபவர்கள், பெரும்பாலும் படிவம் 16-ஐயும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவருவார்கள். பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அவற்றோடு, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஒன்றையும் அச்செடுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் ரோபோக்களை இறக்கிப் பிளாட்டினம் தோண்டப்போகும் வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகள், சந்தைக்கு வருவதற்கு முன்பே 5 லட்சம் ரூபாயிலிருந்து கிடைக்கும் என்று அதில் கண்டிருந்தது. "நாசாவே போய் எடுத்துட்டு வந்திருக்கு சார், அப்புறம் என்ன?" என்று கேட்டார்.

நாசா எடுத்து வந்தது உண்மைதான். எவ்வளவு எடுத்து வந்தது என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை. அதனால் நம் ஊர்க் கணக்கான சவரனிலேயே அவருக்கு எழுதிக் காட்டினேன். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2003-இல் புறப்பட்டு, 2010-இல் இடோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்தவை, மொத்தமாக ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத தூசித் துகள்கள். அடுத்துச் சென்ற ஹயபுசா-2, ரியுகு சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் 5.4 கிராம் கொண்டுவந்தது. அது ஒரு சவரனுக்கும் குறைவு. 2016-இல் கிளம்பிய நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ், ஏறத்தாழ 500 மீட்டர் அகலமுள்ள பென்னு சிறுகோளுக்குச் சென்று, 2023 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் இறக்கிவிட்ட பெட்டகத்தில் இருந்தது 121.6 கிராம், அதாவது 15 சவரனுக்குச் சற்று மேல். அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 116 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் கிராமுக்கு 95 லட்சம் டாலர் விழுகிறது. வந்ததும் பிளாட்டினம் அல்ல. கரிமமும் களிமண் கனிமங்களும் கலந்த கரிய மண்.

இவை அறிவியலுக்காகச் சென்ற கலங்கள், இவற்றை வைத்துச் சுரங்கத் தொழிலை எடைபோடுவது சரியில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை நானும் ஏற்கிறேன். அறிவியலுக்கு அந்த மண் விலைமதிப்பற்றது: பென்னுவின் மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. ஆனால் முதலீடு செய்பவர் பார்க்க வேண்டியது, ஒரு பிடி மண்ணை அள்ளுவதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைத்தான். பென்னுவில் ஈர்ப்பு விசை இல்லையென்றே சொல்லலாம். 2020 அக்டோபரில் கலத்தின் கை அதைத் தொட்டபோது, கெட்டித் தரை என்று நினைத்த இடம் தளர்ந்த கல்குவியலாக இருந்து, கை சுமார் அரை மீட்டர் உள்ளே புதைந்தது. உந்துகலன்களை இயக்கி உடனே பின்வாங்கியிராவிட்டால் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். சிக்னல் ஒரு வழி போய்ச் சேரவே 18 நிமிடங்களுக்கு மேல் ஆகும் தொலைவில், பூமியிலிருந்து யாரும் குறுக்கிட்டுத் திருத்த வழியில்லை. மாதிரிப் பெட்டியின் மூடியில் கற்கள் சிக்கிக்கொண்டதால் அள்ளியதிலும் கொஞ்சம் வெளியே சிந்தியது. பூமிக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டியின் 35 திருகாணிகளில் 2 கழல மறுத்து, 2024 ஜனவரி வரை காக்கவைத்தன. பிடிமானமே இல்லாத இந்தத் தரையில் துளையிடும் எந்திரத்தை நிறுத்தி டன் கணக்கில் தோண்டுவதை இதுவரை யாரும் செய்துகாட்டவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த 'மதிப்பு' வேறு கதை. சைக்கி என்ற சிறுகோளின் உலோகம், ஒன்றுக்குப் பின் 19 சுழியங்கள் கொண்ட டாலர் பெறும் என்று பரவும் எண், அங்கே செல்லும் விண்கலத் திட்டத்தின் தலைமை அறிவியலாளரே விளையாட்டாகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. உலகத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அது. அப்படிப்பட்ட பொருளை வாங்க யார் இருக்கிறார்கள்? சைக்கி பூமிக்கு அருகே வருவதும் இல்லை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுகிறது. 2023 அக்டோபரில் கிளம்பிய விண்கலமே 2029-இல்தான் அங்கே போய்ச் சேரும். பிளாட்டினத்தை எடுத்துக்கொண்டால், உலகச் சுரங்கங்கள் ஆண்டுக்குத் தருவது 200 டன்னுக்கும் குறைவு. ஆயிரம் டன் திடீரென்று வந்து இறங்கினால், அதைக் கொண்டுவந்தவருடைய விலையும் சேர்ந்தே சரியும்.

இத்துறையில் நேர்மையாக இறங்கியவர்களும் உண்டு. அவர்களில் ஒரு நிறுவனத்தின் செயற்கைக்கோள் நமக்குப் பக்கத்திலிருந்தே கிளம்பியது. பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய ஆர்க்கிட்-6, 2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி40 ராக்கெட்டில் சென்று நன்றாகவே வேலை செய்தது. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் அதில் பணம் போட்டிருந்தார். லக்சம்பர்க் அரசும் பங்கு வாங்கியிருந்தது. அதே ஆண்டு அக்டோபருக்குள் பணம் தீர்ந்து, பிளாக்செயின் நிறுவனம் ஒன்றின் கைக்கு அது போயிற்று. ஏமாற்று எதுவும் இல்லாமலே, நிபுணர்களை வைத்து ஆராய்ந்து வாங்கிய ஓர் அரசு தன் முதலீட்டை இழந்தது. 2025 பிப்ரவரியில் ஆஸ்ட்ரோஃபோர்ஜ் நிறுவனம் அனுப்பிய ஓடின் கலமும் ஏவிய சிறிது நேரத்திலேயே தொடர்பை இழந்தது. தோண்டி எடுப்பவற்றில் முதலில் பயன்படப்போவது பிளாட்டினமாக இல்லாமல், விண்வெளியிலேயே எரிபொருளாக மாற்றக்கூடிய தண்ணீராக இருக்கலாம் என்பதுதான் என் கணிப்பு. அதற்கும் விண்வெளியில் வாடிக்கையாளர்கள் உருவாக வேண்டும்.

'சிறுகோளில் உங்கள் பெயருக்கு ஒரு துண்டு' என்று எவராவது விற்றால், அது செல்லாது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் விண்பொருள்கள்மீது உரிமை கொண்டாட முடியாது. அமெரிக்கா 2015-இலும் லக்சம்பர்க் 2017-இலும் ஜப்பான் 2021-இலும் இயற்றிய சட்டங்கள், தோண்டி எடுத்த பொருளுக்கு மட்டுமே உரிமை தருகின்றன.

உண்மையான வெளிநாட்டுப் பங்கென்றால், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள், உங்கள் வங்கி வழியாகவே பணம் செல்ல வேண்டும். வருமானமே வராவிட்டாலும் அந்தப் பங்கை வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். என் வாடிக்கையாளரிடம் வந்த விளம்பரமோ, உள்ளூர்த் தனிநபர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் பணம் போடச் சொன்னது. ஈமு கோழிக்கும் தேக்கு மரத்துக்கும் பணம் கட்டியவர்களின் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால், அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பரிந்துரைப்பவர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரா என்பதை அதன் இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால், வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பரிமாற்ற ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.