'சி' வந்தால் பேக்கப் முடிந்தது என்று அர்த்தமில்லை

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். கணக்கு ஆபீஸ் மூலையில், பீரோவுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் நடுவே சர்வர். அதன்மேல் ஐபிஎம் எல்டிஓ-6 டேப் டிரைவ்: சர்வரில் இருக்கிற கணக்கை டேப்பில் நகலெடுத்து வைக்கும் பெட்டி.

"பேக்கப் டெய்லி ஓடிட்டுத்தானுங்ணா இருந்துச்சு. நேத்து புது டேப்பு ரெண்டையும் ஏத்துக்கலீங்க" என்றார் கணக்கு பார்க்கும் தம்பி. அதற்கு முன்னால் முகப்பில் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"மூணு வாரமா சி-ன்னு வருதுங்க. கம்ப்ளீட்டுன்னுதானுங்களே அர்த்தம்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்த வகை டிரைவின் முகப்புச் சன்னலில் ஒரே ஒரு எழுத்தோ எண்ணோதான் தெரியும். அதற்கு விளக்கம் சொல்லும் புத்தகம் எந்த ஆபீஸிலும் கைக்கு அகப்படாது. 'சி' என்றால் க்ளீனிங். டேப்பில் எழுதிப் படிக்கிற ஹெட் அழுக்காகிவிட்டது, க்ளீனிங் டேப் போடு என்று கேட்கிறது. எச்பி டிரைவ்களில் எழுத்துக்குப் பதில் விளக்குகள்: க்ளீன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சுத்தம் தேவை, நிலையாக எரிந்தால் சுத்தம் நடக்கிறது.

பஞ்சு பறக்கிற ஊரில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். அரை அங்குல அகலத்தில் 846 மீட்டர் டேப் ஹெட்டை ஒட்டியே ஓடுகிறது. விசிறி இழுக்கிற காற்றோடு மெல்லிய தூசியும் உள்ளே போகிறது. ஆனால் அழுக்கு சேர்ந்த அன்றே பேக்கப் நின்றுவிடாது. டிரைவ் எழுதியதை எழுதிய கையோடு படித்துப் பார்க்கும். சரியில்லாவிட்டால் டேப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளித் திரும்ப எழுதும். அதனால் சாஃப்ட்வேர் 'சக்ஸஸ்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். சமாளிக்க முடியாத நாளில்தான் முகப்பில் 6 வரும்.

தம்பிக்கு வந்ததும் அதுதான். 6 என்றால் கோளாறு டிரைவிலும் இருக்கலாம், டேப்பிலும் இருக்கலாம். வேறு டேப் போட்டும் 6 வந்தால் சந்தேகம் டிரைவ் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே இரண்டு புது டேப்புக்கும் 6. 7 வந்தால் பெரும்பாலும் டேப்தான் கெட்டிருக்கும். 1 வந்தால் காற்றோட்டம், 2 வந்தால் கரண்ட் சப்ளை. 3, 4, 5 எல்லாம் சர்வீஸ்காரர் வேலை.

எது வந்தாலும் உடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள். எழுத்து அழிந்துவிடும், அப்புறம் வருகிற எனக்கு வெறும் சன்னல்தான் மிஞ்சும். போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எதுவும் செய்யுங்கள்.

என் பையிலிருந்த க்ளீனிங் டேப்பை உள்ளே தள்ளினேன். சில நிமிடத்தில் தானாக வெளியே வந்தது, 'சி' போய்விட்டது. இந்த டேப் 50 தடவைக்குத்தான், அதனால் ஒவ்வொரு தடவையும் மேல் லேபிளில் கோடு போட்டு வைப்பேன். கேட்காதபோது போடுவதும் தப்பு, ஹெட்டைத் தேய்த்துவிடும்.

ஒதுக்கி வைத்திருந்த இரண்டு புது டேப்பும் அதன்பின் ஒழுங்காக எழுதின. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். அந்த மூன்று வார டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு லெட்ஜரையாவது ரீஸ்டோர் செய்து, அதாவது டேப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லாம் படித்தன, ஒன்றைத் தவிர. அதற்கு வந்தது 7.

"இத தூக்கிப் போட்டறலாங்களாண்ணா?" என்றார் தம்பி. போனில் படம் எடுத்து முடித்திருந்தார்.