நிலநடுக்கத்தின் தடயம் முன்கூட்டியே வானத்தில் தெரியுமா?

நிலம் குலுங்கினால் அயனி மண்டலமும் (எலக்ட்ரான்கள் தனியே பிரிந்து திரியும் மேல் வளிமண்டல அடுக்கு) குலுங்கும், இதில் சந்தேகமே இல்லை. தரை சட்டென்று எழும்பிக் காற்றைத் தள்ளும்போது கிளம்பும் அழுத்த அலை, மேலே போகப் போகக் காற்று மெலிவதால் பெருத்துக்கொண்டே போய், 10 நிமிடத்துக்குள் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள எலக்ட்ரான்களை அசைத்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்புகிறது. வழியில் எலக்ட்ரான்கள் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் தாமதமாகும், அந்த வித்தியாசத்திலிருந்தே எலக்ட்ரான்களைக் கணக்கிட்டுவிடலாம்.

சரி, குலுங்குவதற்கு முன்னால்? அங்கேதான் சண்டை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய 9.0 அளவு நிலநடுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே எலக்ட்ரான்கள் கூட ஆரம்பித்துவிட்டன என்று ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கோசுகே ஹெக்கி அதே ஆண்டு எழுதினார். ஆனால் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அளவீடு எப்போதும் ஒரு வளைவாகத்தான் வரும், ‘கூடியது’ என்று சொல்ல, கூடாமல் இருந்திருந்தால் வளைவு எப்படிப் போயிருக்கும் என்பதை நாமே வரைந்தாக வேண்டும். ஹெக்கி அதை வரையும்போது நிலநடுக்கத்துக்குப் பிந்தைய அளவீடுகளையும் சேர்த்துக்கொண்டார். சுனாமி கிளம்பிய பகுதிக்கு மேலே அதற்குப் பின் எலக்ட்ரான்கள் குறைந்திருந்தன, அந்தக் குறைவு அவர் வரைந்த வளைவைக் கீழே இழுத்ததால்தான் முந்தைய பகுதி உயர்ந்ததுபோலத் தெரிகிறது என்றார்கள் மறுத்தவர்கள். போதாததற்கு அன்று சூரியனால் வந்த காந்தப்புயல் வேறு, அதுவும் எலக்ட்ரான்களை அலைக்கழிக்கும். ஹெக்கி விடவில்லை, வேறு முறைகளிலும் வேறு நிலநடுக்கங்களிலும் அதைக் காட்டினார். எனக்கு என்னவோ மறுப்பின் பக்கம்தான் வலுவாகப் படுகிறது.

நிலநடுக்கத்துக்கு முன் காந்தப்புலம் மாறும் என்ற கதையும் இப்படித்தான். 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்துக்கு முன், மையத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் இருந்த ஒரே ஒரு கருவியில் காந்த இரைச்சல் (காந்தப்புலத்தின் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம்) ஏறியது, கடைசி 3 மணி நேரத்தில் எக்கச்சக்கமாக. பாறை நசுங்கும்போது மின்னோட்டம் பிறக்கிறது என்பதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள் என்பதால் பலர் நம்பினார்கள். 20 வருடம் கழித்து அந்தப் பதிவை மற்ற நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டவர்கள், அது கருவியின் கோளாறாகவே இருக்க வேண்டும் என்றார்கள்.

அப்புறம் பார்க்ஃபீல்டு. நிலநடுக்கம் வரும் என்று கலிஃபோர்னியாவின் அந்த இடத்தில் கருவிகளை நெருக்கமாக நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். 2004 செப்டம்பர் 28 அன்று 6.0 அளவில் வந்தது; காந்தமானிகளில் முன்கூட்டி எதுவும் பதிவாகவில்லை.