எந்த விசையை அழுத்தினாலும் ஒரு ஃபங்ஷன்

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர் ஒருவர், நிரலும் குறிப்பும் எழுத உதவும் ஈமாக்ஸ் என்ற எடிட்டரை முதன்முதலாகத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழக்கதோஷத்தில் கொன்ட்ரோல்-ஸி அழுத்துவார். கொப்பி ஆகாது. கொன்ட்ரோல்-வி அழுத்தினால் பக்கம் கீழே ஓடும். ஈமாக்ஸ் மரபு 1976இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, அதன் விசைகள் தனி. கொப்பிக்கு ஓல்ட்-டபிள்யூ, ஒட்டுவதற்கு கொன்ட்ரோல்-வை. எங்கே சிக்கினாலும் கொன்ட்ரோல்-ஜி.

விசைகளை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஈமாக்ஸில் 'அ' என்று தட்டுவதும் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்துண்டை, அழைப்பதுதான். கொன்ட்ரோல்-எச், பிறகு கே, பிறகு ஏதாவதோர் எழுத்தை அழுத்துங்கள்: அந்த ஃபங்ஷனின் பெயரும் விளக்கமும் வரும். அதே வழியில் எஃப்5ஐக் கேட்டால், அதற்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்று சொல்லும்.

இனி அதை மாற்றலாம். ஓல்ட்-எக்ஸ் அழுத்தி 'குளோபல்-செட்-கீ' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். எந்த விசை என்று கேட்கும்போது எஃப்5, எந்தக் கட்டளை என்று கேட்கும்போது 'கம்பைல்'. மறுகணமே எஃப்5 உங்கள் நிரலைத் தொகுக்கத் தயார். ஈமாக்ஸை மூடித் திறக்கவே வேண்டியதில்லை. அதன் பெரும்பகுதி லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடியதாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

மூடினால் அந்த மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால், ஈமாக்ஸ் திறக்கும்போதெல்லாம் வாசிக்கும் இனிட் கோப்பில் எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் கோப்பின் மிச்சம் வாசிக்கப்படாது. அப்படி ஆனால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் விண்டோவில்) 'ஈமாக்ஸ்' என்பதோடு சிறுகோடும் பெரிய 'கியூ'வும் சேர்த்து ஓட்டுங்கள். இனிட் கோப்பைத் தொடாமல் திறக்கும். அங்கிருந்தே பிழையைத் திருத்தலாம்.

சேமிக்குமுன் கரண்ட் போய்விட்டதா? ஏறத்தாழ 300 விசைத் தட்டல்களுக்கு ஒருமுறை, அல்லது 30 விநாடி கை ஓய்ந்தால், ஈமாக்ஸ் தானாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும். ஓல்ட்-எக்ஸ், 'ரிகவர்-ஃபைல்' கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும்.

தமிழில் குறிப்பெழுத கொன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தி, 'டமில்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, டேப் கொடுங்கள். உள்ளீட்டு முறைகளின் பட்டியல் விரியும். டெர்மினலுக்குள் ஓட்டினால் கொம்பும் அரவும் பிரிந்து தெரியலாம். அது டெர்மினலின் குறை. தனி விண்டோவில் திறந்தால் எழுத்து சேர்ந்துவிடும்.