சாக மறந்த செல்கள்

மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில், டேவிட் வாக்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் செய்த சோதனை எளிமையானது. எலியின் ரத்த செல்களில் ஒரு வகைக்கு ஐஎல்-3 என்ற புரதம் ஊட்டநீரில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சில நாட்களில் செத்துவிடும். வாக்ஸ் அந்த செல்களுக்குள் பிசிஎல்-2 என்ற மனித மரபணுவைப் புகுத்திவிட்டு ஐஎல்-3-ஐ நிறுத்தினார்.

செல்கள் சாகவில்லை. பெருகவும் இல்லை. சும்மா இருந்தன.

1988இல் வெளியான அந்த ஆய்வின் சேதி இந்தச் 'சும்மா'வில்தான் இருக்கிறது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை ஓயாமல் பிரியவைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். நிணநீர்ப் புற்றில் ஒரு வகையில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எதிர்ப்புரதம் தயாரிக்கும் மரபணு 14இல் எப்போதும் விழித்திருக்கும். 18இல் இருந்த பிசிஎல்-2 அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அளவுக்கு மீறி வேலை செய்யும். ஆனால் அந்த வேலை வளர்ப்பது அல்ல, சாவைத் தடுப்பது என்று வாக்ஸும் அவருடைய வழிகாட்டிகள் சூசன் கோரியும் ஜெர்ரி ஆடம்ஸும் காட்டினார்கள். (ஆய்வுக் கட்டுரை வரைபடங்களில் ஓர் அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகளைத் தப்பாகப் போடுவதைக் கண்டித்து 2007இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதியவர் இதே வாக்ஸ்தான். தன் முதல் பெரிய சோதனைக்கு அவருக்குப் பிழைக்கோடு பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது: ஒரு தட்டில் பிணங்கள், அடுத்த தட்டில் உயிர்.)

செல் சாவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சுருங்கும். மேற்பரப்பு கொதிக்கும் கூழ் போலக் குமிழ்விடும். டிஎன்ஏ துண்டுதுண்டாகும். கடைசியில் செல்லே சின்னப் பொட்டலங்களாகப் பிரிய, அக்கம்பக்கத்து செல்கள் விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவர் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தமிழில் 'உதிர்தல்' என்றே சொல்லிவிடலாம்.

உள்ளே நடப்பது இது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை போடக்கூடிய பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் உண்டு. ஓட்டை விழுந்தால் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசியும். அது காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகளை எழுப்பிவிடும். பிறகு திரும்பும் வழி கிடையாது. பிசிஎல்-2 செய்வது பேக்ஸ், பேக் இரண்டின் கையைப் பிடித்து வைத்திருப்பது. செல் கெட்டுப்போனால் வேறு சில தூதுப் புரதங்கள் வந்து பிசிஎல்-2இன் மேலுள்ள பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். பிடி விடும், செல் சாகும். பிசிஎல்-2 மலிந்து கிடக்கும் புற்றுச் செல்லில் தூதுவர்கள் எத்தனை பேர் வந்தாலும் போதாது.

வாக்ஸ் பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். மண்ணில் வாழும் 1 மி.மீ. நீளப் புழு ஒன்று வளரும்போது உருவாகும் 1,090 உடல் செல்களில் சரியாக 131 செல்கள் செத்துவிடும். அந்தப் புழுவுக்குள் மனித பிசிஎல்-2-ஐ வைத்துப் பார்த்தார். சாக வேண்டியவற்றில் ஒரு பகுதி பிழைத்துக்கொண்டது. 1992இல் இது வெளியானது. புழுவும் மனிதனும் சாவுக்கு ஒரே இயந்திரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

பிசிஎல்-2-ஐ முடக்கும் மருந்து வர நெடுங்காலம் ஆனது. தூதுவர்கள் அமரும் அந்தப் பள்ளத்தில் பொருந்தும் சிறு மூலக்கூறு வேண்டும். முன்பு வந்த நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்து பிசிஎல்-2இன் உறவுக்காரப் புரதம் ஒன்றையும் சேர்த்து முடக்கியது. ரத்தத் தட்டணுக்கள் உயிரோடிருப்பதே அந்த உறவுக்காரரால்தான். ஆகவே தட்டணு எண்ணிக்கை சரிந்தது. பிசிஎல்-2-ஐ மட்டும் குறிவைக்கும் வெனிடோகிளாக்ஸ் பிறகு வந்தது. ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சோதனைக் காலத்தில் எழுந்த பெரிய சிக்கல், மருந்து வேலை செய்யாதது அல்ல. மிக வேகமாக வேலை செய்தது. எக்கச்சக்கமான செல்கள் ஒரே நேரத்தில் செத்து, உள்ளிருந்த பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்ட, சிறுநீரகமும் இதயமும் தாங்கவில்லை. சிலர் இறந்தார்கள். அதனால் இந்த நோய்க்கு இன்று முதல் வாரம் நாளுக்கு 20 மி.கி. மாத்திரைதான். பிறகு வாரம் ஒரு படியாக 50, 100, 200. ஐந்தாம் வாரத்தில்தான் முழு அளவு, 400. முதல் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுவார்கள்.