பேக்கப்பில் இன்கிரிமென்டலா, டிஃபரன்ஷியலா, எது நல்லது? ஒரு டிக் குறி சொல்லும் கணக்கு

விண்டோஸில் ஏதாவது ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆர்க்கைவ் செய்ய, அதாவது நகலெடுத்துச் சேமிக்கத் தயார் என்ற பொருளில் ஒரு டிக் குறி இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துப் பழக்கம் அது. ஃபைலைப் புதிதாக உருவாக்கினாலும் திருத்தினாலும் விண்டோஸ் தானாகவே அந்த டிக்கைப் போட்டுவிடும்.

முழு பேக்கப் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு டிக்குகளை அழித்துவிடும். மறுநாள் நீங்கள் தொட்ட ஃபைல்களில் மட்டும் டிக் மறுபடி வந்திருக்கும். அவற்றை நகலெடுத்து டிக்கையும் அழித்தால் அது இன்கிரிமென்டல். டிக்கை அப்படியே விட்டுவைத்தால் டிஃபரன்ஷியல்; அடுத்த நாளும் அதே ஃபைல்கள் சேர்ந்தே நகலாகும். வித்தியாசம் அவ்வளவுதான். இன்று பல மென்பொருள்கள் டிக்கைப் பார்க்காமல் ஃபைல் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்க்கின்றன, கணக்கு மாறவில்லை.

ஒரு போட்டோ ஸ்டுடியோவில் 100 ஜிபி படங்கள், தினமும் 2 ஜிபி புதிதாகச் சேர்கிறது என்று வையுங்கள். ஞாயிறு இரவு முழு பேக்கப். திங்கள் முதல் சனி வரை இன்கிரிமென்டல் என்றால் நாளுக்கு 2 வீதம் 12 ஜிபி போதும். டிஃபரன்ஷியலோ 2, 4, 6 என்று வளர்ந்து சனிக்கிழமை 12-ஐத் தொடும். எல்லா நகலையும் வைத்திருந்தால் மொத்தம் 42 ஜிபி.

சரி, இன்கிரிமென்டல்தானே லாபம்? டிஸ்க் செத்துப்போன காலையில் உட்கார்ந்து பாருங்கள். முழு நகலை ஏற்றிவிட்டு, ஆறு துண்டுகளையும் வரிசையாக ஏற்ற வேண்டும். புதன்கிழமைத் துண்டு கெட்டிருந்தால் அன்று எடுத்த கல்யாணப் படங்கள் போனது போனதுதான். டிஃபரன்ஷியலில் முழு நகலும் சனிக்கிழமை நகலும் போதும். புதன்கிழமைப் படங்கள் சனிக்கிழமை நகலுக்குள்ளும் இருக்கும்.

அதனால் வீட்டுக்கும் சிறு கடைக்கும் நான் டிஃபரன்ஷியலைத்தான் சொல்வேன். நகலை இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்புகிறவர்களுக்கு, அளவு குறைவு என்பதால் இன்கிரிமென்டல் சரிப்படும். முழு நகல் கெட்டால் இரண்டுமே உதவாது. அதை மட்டும் இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள்.

அப்புறம், எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை ஒரு ஃபைலையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். தினசரி பேக்கப் இருக்கும் என்று தேடிப் போனால், மென்பொருள் பதிப்பு ஒத்துப்போகாமல் அது ஓடவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாரையும் எட்டவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னால், வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.