மிக்ஸ்டேப் நல்லா இருக்கு தம்பி, பீட்டுக்குக் காகிதம் எங்கே?

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கத்திலிருந்து ஒரு தம்பி பென் டிரைவோடு என் அறைக்கு வந்தான். ஆல்பம் போலத் தொகுத்த ராப் மிக்ஸ்டேப், 10 பாட்டு, 31 நிமிடம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாட்டுகளின் ஒலியைச் சீராக்கும் மிக்ஸிங், மாஸ்டரிங் செய்வதுதான் என் தொழில். "அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை போடப்போறேன். கேட்டுட்டு உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றான். இதே அவசரத்தோடு நிறையத் தம்பிகள் வருகிறார்கள் என்பதால், அவனிடம் சொன்னதை அவன் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை நடுவில் நிறுத்தாமல் கேட்பேன். குறிப்பும் எடுப்பதில்லை. எந்த வரி தானாக மனசில் தங்குகிறதோ அதுதான் அந்தப் பாட்டின் பலம். இந்த மிக்ஸ்டேப்பில் எனக்குத் தங்கியது மூன்றாவது பாட்டு, புயலைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது அவனுக்கு 7 வயது. துறைமுகத்துப் பக்கம் வீடு, அம்மாவின் ஊர் பண்ருட்டிப் பக்கம்.

"ஓடு பறந்த கூரை, காடு சாய்ஞ்ச ஊரு, மூடி வெச்ச பானை, தேடித் திங்க யாரு" என்று தொடங்குகிறான். ஓடு, காடு, மூடி, தேடி. முதலெழுத்து நான்கிலும் நெடில், இரண்டாம் எழுத்தில் ட வந்து இடிக்கிறது. நம் எதுகை இதுதான். நெடில் கிக் டிரம் அடி மேல் உட்கார, ட ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் விழுகிறது. இன்னொரு டிரம் சேர்ந்தது போல் இருக்கிறது. அவன் எதுகை என்று நினைத்து எழுதவில்லை, காதுக்குப் பிடித்ததால் எழுதியிருக்கிறான். வரிக் கடைசியில் மட்டும் ஒலியைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்ட ஆசையாக இருந்தது.

ஆனால் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் அவனே அதை விட்டுவிட்டான். வந்தேன், நின்னேன், சொன்னேன், வென்னேன் என்று 16 வரி போகிறது. அந்த 'ஏன்' மொழியே இலவசமாகத் தருவது, அதில் எழுதுகிறவனின் உழைப்பு இல்லை. வரியைப் பெயர்ச்சொல்லில் முடித்துப் பார் என்றேன். அப்புறம், பீட்டுக்கு இடம் நிரப்ப ஒரு ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் வரியில்) 'விடு' என்பதை இழுத்து 'வீடு' ஆக்கியிருந்தான். தமிழில் குறில் நெடிலானால் சொல்லே வேறு. மெட்டுக்காகப் பாட்டில் கொஞ்சம் இழுக்கலாம். ராப்பில் கேட்கிறவர் பேச்சாகத்தான் கேட்பார், அங்கே தடுமாறிப்போவார்.

ஒலிப்பதிவு விஷயம் சுருக்கமாக. துணி அலமாரிக்குள் பாடிப் பதிந்திருக்கிறான், நல்ல யோசனை. மைக்கை நேர் வாய்க்கு முன்னால் வைத்ததால் ஒவ்வொரு 'ப'வும் காற்றாக அடிக்கிறது; கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும். 808 பேஸ் என்ற தாழ்ந்த டிரம் ஒலி என் ஸ்பீக்கரில் முழங்குகிறது, போனில் போட்டால் காணவில்லை. போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி வராது, கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரக்க வைப்பது) கொடுத்து மேல் ஒலிகளை எழுப்ப வேண்டும். சத்தம் கூட வேண்டும் என்று உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டரை அழுத்தி மைனஸ் 6 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்கினால் சத்தம் கூடுதல்) வரை ஏற்றியிருந்தான். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14-க்கு இறக்கித்தான் ஒலிக்க வைக்கும். கடைசியில் மிஞ்சுவது சத்தம் அல்ல, தட்டையாகிப்போன டிரம்.

இவ்வளவும் இரண்டு நாள் வேலை. என்னைக் கவலைப்படுத்தியது வேறு. "பீட்டெல்லாம் யாருது?" என்று கேட்டேன். பீட் என்றால் ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை. 6 பீட் யூடியூபில் 'ஃப்ரீ' என்று தலைப்புப் போட்டிருந்தவை. 3 பீட் வில்லியனூரில் இருக்கும் நண்பன் செய்தவை. ஒன்றில் பழைய சினிமாப் பாட்டின் ஹம்மிங், 4 விநாடி வெட்டிச் சுற்றவிட்டது.

'ஃப்ரீ' என்பதற்குப் பெரும்பாலும் பொருள், காசு பார்க்காமல் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். பாட்டை ஆப்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபைக்குப் போனால் அது வியாபாரம். அதற்கு லீஸ், அதாவது காசு கொடுத்துப் பயன்படுத்தும் அனுமதி, வாங்க வேண்டும். லீஸிலும் எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை வருடம் என்று எல்லை இருக்கும். அதே பீட்டை இன்னும் பல பேர் லீஸ் எடுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதிந்துவிட்டால், மற்றவர்கள் பாட்டுக்கெல்லாம் 'இது என்னுடையது' என்று கிளெய்ம் வரும். நான் மிக்ஸ் செய்த ஒரு பாட்டுக்கே இது நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது விளம்பரக் காசு வேறொருவர் கணக்குக்குப் போனது. லீஸ் வாங்கிய ஈமெயில் அழிந்துபோயிருந்தது, காட்ட எதுவும் இல்லை. நானும் அன்று கேட்கவில்லை. அந்தப் பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து காகிதத்தைப் பார்க்காமல் நான் மிக்ஸிங்கைத் தொடங்குவதில்லை.

4 விநாடி தானே, 7 விநாடி வரைக்கும் பரவாயில்லையாமே என்றான். 1957-ஆம் வருடக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே கிடையாது. ஒரு ஹம்மிங்கை வெட்டினால் இரண்டு உரிமையைத் தொடுகிறீர்கள்: மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு பெரும்பாலும் இன்னொருவருடையது. அனுமதியில்லாமல் வேறொருவர் பாட்டை வெட்டிச் சேர்த்ததற்காக 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அவர் ஆல்பமே கடைகளிலிருந்து திரும்பியது. மிக்ஸ்டேப் என்று பெயர் வைத்தாலும் தப்ப முடியாது. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டி.ஜே. டிராமா என்ற மிக்ஸ்டேப் தயாரிப்பாளரைக் கைது செய்தது மிக்ஸ்டேப்புகளுக்காகத்தான்.

நண்பன் பீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். பாட்டு ஓடாதவரை ஒன்றுமில்லை. உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் மாற்ற முடியும் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். துபாயிலும் கோலாலம்பூரிலும் கேட்கப்போகிற பாட்டுக்கு அது போதாது. எந்தப் பீட், எத்தனை வருடம், உலகம் முழுதுமா, வருகிற காசில் யாருக்கு எவ்வளவு — இதைத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினால் போதும்.

இன்னொன்று. ராப் பாடுகிறவன் பாடலாசிரியனும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, காசை வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். அந்த வசூலைச் செய்யும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-இலிருந்து இருக்கிறது. எவ்வளவு முன்பணம் காட்டினாலும், 'எல்லாம் உங்களுக்கே' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தள்ளிப்போனது. 6 ப்ரொட்யூசர்களுக்கும் மெயில் போட்டான். இருவர் பதில் அனுப்பினார்கள், ஒரு பீட் ஏற்கெனவே வேறொருவருக்கு முழுசாக விற்றுப்போயிருந்தது. வில்லியனூர் நண்பன் என் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டான். தானே புயல் பாட்டு அந்த நண்பனின் பீட்தான், அதனால் அதற்கு இப்போது ஆபத்தில்லை.

சினிமா ஹம்மிங்கை எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் போனில் பதிந்த ஒன்றைக் கொண்டுவந்தான். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு, அவன் தாத்தா குரலில். பின்னால் அலைச் சத்தம், அதை நான் நீக்கவில்லை. தாத்தாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன்; பாட்டு ஊருடையதுதான், குரல் அவருடையது.