குலுங்கும் உலையில் குமிழிகள்

1993 நவம்பரில் ஜப்பானின் ஒனகாவா அணுமின் நிலையப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, முதல் உலை தானாகவே நின்றது. நிறுத்தச் சொன்னது, நியூட்ரான் அளவு எகிறிவிட்டது என்ற சமிக்ஞை. தரை ஆடினால் நியூட்ரான் ஏன் கூட வேண்டும்? எரிபொருள் தொகுப்புகளின் அசைவு ஒருபுறம் இருக்கட்டும். குமிழிகளையும் கவனிக்க வேண்டும்.

ஒனகாவாவில் நின்றது கொதிநீர் உலை. இவ்வகை உலையில் சுமார் 70 வளிமண்டல அழுத்தத்தில், 285 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கொதிக்கிறது. எரிபொருள் கோல்களுக்கு நடுவே தண்ணீரும் நீராவியும் கலந்தே மேலேறும். நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது தண்ணீர். வேகம் தணிந்த நியூட்ரான்தான் யுரேனியத்தை எளிதில் பிளக்கும். ஆகவே குமிழி குறைந்தால் உலையின் திறன் ஏறும், கூடினால் இறங்கும்.

சரி, தண்ணீரும் குமிழிகளும் ஏறும் அந்தப் பாதையை ஒரு குழாயாக நினைத்துக்கொள்வோம். குழாய் மேலும் கீழும் அதிர்ந்தால் குமிழிக்கு என்ன ஆகும்? குழாய் மேல்நோக்கி முடுக்கப்படும்போது தண்ணீரின் எடை கூடியதுபோல் ஆகிறது. மிதப்பு விசை வலுக்க வேண்டிய தருணம் அது. ஆனால் அதே நொடியில் அழுத்தமும் ஏறி, குமிழி சுருங்கிவிடுகிறது. அது விரிந்து பெரிதாகும்போதோ, தண்ணீரின் எடை குறைந்து மிதப்பு விசை தளர்ந்திருக்கும். சராசரியில் குமிழிக்கு நட்டம்தான். அதிர்வு போதிய அளவு பலமாக இருந்தால், குமிழி ஏறாமல் நின்றுவிடும், மூழ்கக்கூடச் செய்யும்! எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

மெதுவாக ஏறும் குமிழி குழாயில் அதிக நேரம் தங்கும். வாயுவின் பங்கு கூடும். ஆனால் அதிர்வு குமிழிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சேர்த்தும் வைக்கும். சேர்ந்து பெருத்த குமிழி விரைந்து வெளியேறும். அப்போது பங்கு குறையும். எது வெல்லும் என்பது அதிர்வெண், வீச்சு, பாய்வின் வேகம் மூன்றையும் பொறுத்தது. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் குமிழிகளை அடித்துக்கொண்டு போய்விடும், அதிர்வின் செல்வாக்கு மங்கும். பக்கவாட்டில் குலுக்கினால் கதை வேறு: பேருந்து சட்டென முன்னே பாயும்போது உள்ளே கட்டிய ஹீலியம் பலூன் முன்பக்கம் சாய்வதுபோல, குமிழி முடுக்கத்தின் திசையிலேயே ஓடும்.

ஆய்வகங்களில் அதிர்வு மேடைமேல் ஒளிபுகும் குழாயை நிறுத்தி, காற்றையும் தண்ணீரையும் செலுத்தி, அதிவேகக் கேமராவால் படம்பிடிக்கிறார்கள். ஆனால் அந்த அளவீடுகளை அப்படியே உலைக்குப் பொருத்த முடியாது. அறைவெப்பத்தில் தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. உலைக்குள் நீராவியைவிடச் சுமார் 20 மடங்குதான். பரப்பு இழுவிசையும் அங்கே கால்பங்காகிவிடும், குமிழி எளிதில் உடையும். அப்புறம், அழுத்தம் ஏறினால் காற்றுக்குமிழி சுருங்கும், அவ்வளவுதான். நீராவிக் குமிழியோ ஒடுங்கித் தண்ணீராகவே மாறிவிடலாம்.